சுடுமண்ணில் போர்: முகமா, முதுகா?

மழைக்கால் (கென்ட், பெல்ஜியம்), ஞாயிறு இரவு

நண்பர்களுக்கு வணக்கம். நம் மன்றத்தின் இந்தப் பகுதியில் கருங்கல்லும் வெண்கலமும் நிறையப் பேசிவிட்டோம். சுடுமண்ணை யாரும் தொடவில்லை. பல வருடங்களாக மனதில் கிடக்கும் ஒன்றைக் கேட்கத்தான் இந்த இழை.

2018-இல் ஈப்பர் நகருக்குத் தெற்கே பாலிங்பேக் என்ற இடத்துக்குப் போனேன். இன்று மரங்களும் நடைபாதைகளுமாக இருக்கிற பூங்கா. முதல் உலகப் போரில் இரண்டு படைகளின் பதுங்குகுழிகளுக்கும் நடுவே கிடந்த ஆளில்லா நிலம். அந்த ஆண்டு மார்ச் 30 முதல் நவம்பர் 11 வரை அங்கே 6,00,000 சுடுமண் உருவங்களைத் தரையில் பரப்பி வைத்திருந்தார்கள். ‘கமிங் வேர்ல்டு ரிமெம்பர் மீ’ என்று பெயர். சிற்பி குன் வான்மெகெலன். அந்தப் போரில் பெல்ஜிய மண்ணில் இறந்தவர்கள் 6,00,000 பேர் என்பதால் ஆளுக்கு ஓர் உருவம். எந்த நாட்டார், படைவீரரா ஊர்மக்களா என்ற பிரிவே கிடையாது. சிற்பி தனியாகச் செய்ததும் இல்லை. 2014-இலிருந்து நான்கு ஆண்டுகள் பட்டறை பட்டறையாகப் பொதுமக்கள் உட்கார்ந்து செய்தார்கள். ஒவ்வொரு உருவத்துக்கும் படைவீரர்கள் கழுத்தில் போடுகிற தகடு. அதில் இறந்தவர் ஒருவரின் பெயரும், செய்தவரின் பெயரும்.

வேலி ஓரத்தில் இருந்த ஒன்றின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு கைக்குள் அடங்கிவிடும். உடல் சுருண்டு, தலை முழங்காலுக்குள் போயிருந்தது. முகம் இல்லை. முதுகுதான் எல்லாம். முந்தைய நாள் மழையில் முதுகு மட்டும் கறுத்து, வயிற்றுப் பக்கம் செம்மண் நிறத்திலேயே இருந்தது. இடுப்புக்கு மேலே யாரோ ஒருவரின் கட்டைவிரல் பதிந்த பள்ளம், ரேகையோடு சுடப்பட்டிருந்தது. அந்த விரலுக்குரியவர் எங்கோ சமைத்துக்கொண்டோ பேருந்தில் போய்க்கொண்டோ இருப்பார் என்று நினைத்ததும் எழுந்திருக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது கூட வந்த தோழி ஒன்று சொன்னாள். “ஆறு லட்சம் என்பது எனக்கு வெறும் எண். முகமே இல்லாத ஒன்றுக்காக நான் எப்படி அழுவேன்?” எனக்கு அவளிடம் சொல்லப் பதில் இல்லை. ஆனால் அவள் சொன்னது சரி என்றும் தோன்றவில்லை. மண்ணில் மனித உருவம் செய்து போரைப் பேசுகிறவர்கள் முகத்தைச் செய்ய வேண்டுமா, வேண்டாமா? நீங்கள் பார்த்தது, தெரிந்தது எதுவானாலும் எழுதுங்கள்.


சுவடி (மதுரை), ஞாயிறு இரவு

நல்ல இழை அக்கா. எனக்கு முகத்தை விட ‘யாரை எண்ணுகிறோம்’ என்பதுதான் முதல் கேள்வியாகப் படுகிறது.

2014-இல் லண்டன் கோட்டை அகழியில் பால் கம்மின்ஸ் என்ற கலைஞர் செராமிக் பாப்பிப் பூக்களை நட்டார். 8,88,246 பூக்கள். பிரிட்டனும் அதன் காலனிகளும் அந்தப் போரில் இழந்த வீரர் ஒவ்வொருவருக்கும் ஒன்று. பார்த்தவர்கள் உருகிப்போனார்கள். பிறகு பூவை 25 பவுண்டு வீதம் விற்று, பணத்தை அறக்கட்டளைகளுக்குக் கொடுத்தார்கள். பூ செய்கிற வேலையில் கம்மின்ஸின் கை உருளை இயந்திரத்தில் மாட்டி ஒரு விரல் போனது. அவருடைய உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த அகழியில் எதிர்த்தரப்பில் செத்தவன் ஒருவன்கூட இல்லை. அப்போதே இதைச் சுட்டிக்காட்டி விமர்சனம் எழுதினார்கள், அதற்குக் கடுமையான எதிர்ப்பும் வந்தது.

பாலிங்பேக்கில் நாட்டை விட்டுவிட்டு இடத்தை அளவாக வைத்திருக்கிறார்கள். இந்த மண்ணில் விழுந்தவர் எல்லோரும் கணக்கில் வருகிறார்கள். ஒரே வேலையைத்தான் இரண்டும் செய்கின்றன, எண்ணுகின்றன. ஆனால் எண்ணி முடித்ததும் லண்டனில் ஒரு நாடு நினைவுக்கு வருகிறது. ஈப்பரில் போர் நினைவுக்கு வருகிறது. எனக்கு இரண்டாவதுதான் சரி.

இன்னொன்று. பாலிங்பேக்குக்குப் பக்கத்துக் கிராமம் ஹோலபேக். 1914 அக்டோபர் 31 அன்று அங்கேதான் 129-ஆம் பலூச்சிப் படையின் குதாதாத் கான், உடனிருந்த இயந்திரத் துப்பாக்கிக்காரர்கள் அனைவரும் இறந்த பிறகும் சுட்டுக்கொண்டிருந்தார். செத்துவிட்டார் என்று எதிரிகள் விட்டுப்போக, இரவில் ஊர்ந்து தன் படைக்குத் திரும்பினார். இந்தியப் படைவீரர்களில் பிரிட்டனின் உயரிய வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் ஆள் அவர். அவரோடு இருந்து செத்தவர்களின் பெயரை நம்மில் யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியாது.


செங்காகம் (ஓக்லண்ட், கலிபோர்னியா), திங்கள் காலை

நான் முகத்தின் பக்கம். ஆனால் யாருடைய முகம் என்று கேட்க வேண்டும்.

எங்கள் பகுதிக்காரர் ராபர்ட் ஆர்னெசன். 1930-இல் பெனிசியா என்ற சிற்றூரில் பிறந்து, 1992-இல் புற்றுநோயில் இறந்தார். டேவிஸ் பல்கலைக்கழகத்தில் சுமார் முப்பது ஆண்டுகள் செராமிக் கற்பித்தார். சட்டி பானை செய்கிற மண்ணில் சிற்பமா என்று கலையுலகம் முகம் சுளித்த காலத்தில், சுட்டு மெருகேற்றிய மண் தலைகளைப் பெரிது பெரிதாகச் செய்தவர். 1980-களில் அணு ஆயுதப் போட்டி உச்சத்தில் இருந்தபோது அவர் கை அந்தப் பக்கம் திரும்பியது.

‘ஜெனரல் நியூக்’ என்று 1984-இல் ஒன்று செய்தார். வாஷிங்டனில் ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தலைக்கவசம் போட்ட ஒரு படைத்தலைவரின் தலை, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஏவுகணை. தூரத்திலிருந்து பார்த்தால் கேலிச்சித்திரம் மாதிரி இருக்கும். கிட்டப் போனால்தான் தலையைத் தாங்கும் தூணைக் கவனிப்போம். அது தூண் இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கிய சின்னச் சின்னப் பிணங்கள். அவை வெண்கலம், மேலே உள்ள தலை மண்.

ஆணை கொடுக்கிறவனுக்கு முகம் வைத்தார் ஆர்னெசன். செத்தவர்களை முகம் தெரியாத குவியலாக வைத்தார். போரில் நடப்பதும் அதுதானே? செய்தியில் நாம் பார்ப்பது தலைவர்களின் முகம். செத்தவர்கள் எண்ணாக வருகிறார்கள். அதனால் பாலிங்பேக்கின் முகமில்லாத முதுகுகளைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வருகிறது. ஆணையிட்டவன் யார் என்று அந்தச் சிற்பம் கேட்கவே இல்லையே.

முகம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அவரிடமே உதாரணம் உண்டு. 1978-இல் சுட்டுக் கொல்லப்பட்ட சான் பிரான்சிஸ்கோ மேயர் ஜார்ஜ் மாஸ்கோனிக்கு 1981-இல் ஒரு சிலை செய்தார். முகம் வாய் கொள்ளாச் சிரிப்பு. அதில் யாருக்கும் பிரச்சினை இல்லை. கீழே உள்ள பீடத்தில் குண்டு துளைத்த அடையாளங்களையும் கொலையை நினைவூட்டும் சொற்களையும் பதித்திருந்தார். நகரம் வேண்டாம் என்றது. பீடத்தை மாற்றச் சொன்னார்கள், அவர் மாற்றவில்லை. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிலையை எடுத்துக்கொண்டார். அது சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.


நீலி (தஞ்சைப் பக்கம்), திங்கள் மாலை

வணக்கம். நான் கவின்கலைக் கல்லூரியில் கடைசி ஆண்டு, செராமிக் பிரிவு. இந்த இழையைப் பார்த்ததும் எனக்காகவே திறந்தது மாதிரி இருந்தது.

என் இறுதித் திட்டம் இன்றைய போரில் மனித உடல். பதினொரு உருவங்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை அடி, எல்லாம் நிற்கிறவை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற தாய். ட்ரோன் சத்தம் கேட்டு வானத்தைப் பார்க்கிற கிழவர். இடிந்த சுவரிலிருந்து கம்பியை உருவுகிற பையன். இரண்டு மாத வேலை. போன வாரம் சூளையில் வைத்தோம். நான்கு வெடித்துவிட்டன. மூன்று கணுக்காலில் முறிந்து விழுந்தன. கிழவரின் தலை சூளையின் மூலையில் கிடந்தது, இன்னும் மேலே பார்த்தபடி.

வெடித்ததுகூடப் பரவாயில்லை. மதிப்பீட்டுக்கு வந்த ஒருவர் கேட்டார், “போரை நீ எங்கே பார்த்தாய்?” என்று. கைப்பேசியில்தான் பார்த்திருக்கிறேன். காஸா, உக்ரைன், சூடான் எல்லாமே இந்த ஆறு அங்குலத் திரையில்தான். அவர் கேட்டது தப்பில்லை. ஆனால் பார்த்தவர்கள் மட்டும்தான் செய்ய வேண்டும் என்றால், இரவெல்லாம் பார்த்துவிட்டுத் தூங்க முடியாமல் கிடக்கிற நான் இந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இரண்டுக்கும் உதவி வேண்டும். வெடிக்காமல் இருக்கவும், அந்தக் கேள்விக்கும்.


சக்கரத்தான் (புதுக்கோட்டை), திங்கள் இரவு

தங்கச்சி, இரண்டாவது கேள்விக்கு மற்றவர்கள் சொல்வார்கள். முதலாவதை நான் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாக அய்யனாருக்குக் குதிரை செய்கிறோம்.

உள்ளே காற்றுக்குமிழி இருந்ததால் வெடித்தது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் காற்று இல்லை, ஈரம். வெளியே காய்ந்து வெளுத்துவிடும், உள்ளே ஈரம் இருக்கும். சூளைக்குள் 100 டிகிரியைத் தாண்டும்போது அது ஆவியாகும். வெளியேற வழி இல்லாமல் மண்ணைப் பிளந்துகொண்டு வரும். கனமான இடம்தான் முதலில் போகும். உன் உருவங்களின் உடம்பு கட்டியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். உள்ளே கூடாக இருக்கட்டும், சுவர் ஒரு விரல் கனத்துக்கு மேல் வேண்டாம். அடியில் கட்டாயம் ஒரு துளை விடு. மண்ணோடு கொஞ்சம் மணலும், சுட்ட ஓட்டைப் பொடித்துச் சலித்த தூளும் சேர். நாங்கள் உமியும் சேர்ப்போம். சுடும்போது உமி எரிந்து மண்ணில் நுண்துளை விடும், ஆவிக்கு வழி கிடைக்கும். நிழலில் காய வை, மேலே ஈரத்துணி போர்த்து. மெல்லிய இடம் முந்தி, கனத்த இடம் பிந்திக் காய்ந்தால் இடையில் கீறல் விழும். துணி எதற்கு என்றால் எல்லா இடமும் ஒன்றாகக் காய்வதற்கு. சூளையில் முதல் இரவு முழுக்கச் சிறு தீ மட்டும். முடிந்த பிறகு அவசரப்பட்டுத் திறக்காதே. சூடு இறங்கும்போதும் மண் விரிசல் விடும்.

கணுக்கால் முறிந்ததற்குக் காரணம் வேறு. மண்ணில் நிற்கிற மனிதனைச் செய்வது கடினம். எடையெல்லாம் இரண்டு மெல்லிய இடத்தில் இறங்குகிறது. சீனாவில் ஷியான் பக்கம் 1974-இல் கிணறு வெட்டியவர்கள் கண்டெடுத்த மண் படை இருக்கிறதே, அதில் வீரர்களின் கால்கள் கெட்டி மண், உடம்பு கூடு. தலையைத் தனியாகச் செய்து பொருத்தியிருக்கிறார்கள். நாங்களும் குதிரைக்கு முதலில் நான்கு காலையும் குழாய் மாதிரி நிறுத்தி, அவை இறுகிய பிறகுதான் வயிறு ஏற்றுவோம். எங்கள் அப்பா நிற்கிற ஆளுக்குப் பின்னால் எப்போதும் ஒரு மரத்தண்டையோ தூணையோ சேர்த்துவிடுவார். அழகுக்கு இல்லை, கால் தாங்காது என்பதற்காக. உட்கார்ந்த உருவத்துக்கு இந்தத் தொல்லையே கிடையாது.


கடலோரம் (லாகோஸ்), செவ்வாய் மதியம்

மழைக்கால் அக்காவின் தோழி கட்சி நான். இங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

2014 ஏப்ரல் 14 இரவு, நைஜீரியாவின் வடகிழக்கில் சிபோக் என்ற ஊரின் பள்ளி விடுதியிலிருந்து போகோ ஹராம் என்ற ஆயுதக்குழு 276 மாணவிகளைக் கடத்திக்கொண்டு போனது. சிலர் வழியில் லாரியிலிருந்து குதித்துத் தப்பினார்கள், சிலரைப் பிறகு விடுவித்தார்கள். 2022-இல் இன்னும் திரும்பாதவர்கள் என்று கணக்கில் இருந்தவர்கள் 108 பேர். அந்த ஆண்டு பிரான்ஸ் நாட்டுச் சிற்பி புரூன் நூரி, இலே இஃபே ஊரின் ஒபாஃபெமி அவோலோவோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 108 தலைகளைச் சுடுமண்ணில் செய்யும் வேலையைத் தொடங்கினார். குடும்பங்கள் கொடுத்த புகைப்படங்களை வைத்து முதலில் எட்டு முகங்களை அவர் வடித்தார். அவற்றிலிருந்து 108 மாணவர்கள் ஆளுக்கு ஒரு தலை செய்தார்கள்.

இலே இஃபேயைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. அங்கே 12 முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை செய்த சுடுமண் தலைகளும் செப்புக்கலவைத் தலைகளும் உலகப் புகழ் பெற்றவை. கன்னத்தில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள், அமைதியான உதடுகள். 1910-இல் அவற்றைப் பார்த்த ஜெர்மானிய ஆய்வாளர் ஃப்ரோபேனியஸ், ஆப்பிரிக்கர்களால் இப்படிச் செய்ய முடியாது என்று முடிவுகட்டி, கடலில் மூழ்கியதாகக் கதைகளில் வரும் அட்லாண்டிஸ்காரர்களின் வேலை என்று எழுதினார். அந்த மரபில் இன்றைய பிள்ளைகள், தங்கள் வயதில் காணாமல் போன பெண்களின் முகத்தைச் செய்திருக்கிறார்கள்.

லாகோஸில் காட்சிக்கு வந்தபோது போனேன். என் மகளுக்கு அப்போது பதினாறு வயது. ஒரு தலைக்கு முன்னால் நின்றுவிட்டாள். நெற்றியை ஒட்டி இழுத்துப் பின்னிய பின்னல், ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தது. “அப்பா, இவளுக்குத் தலை வாரிவிட்டது அவசரத்தில் போலிருக்கு” என்றாள். முதுகைப் பார்த்து என் மகளால் இப்படிச் சொல்லியிருக்க முடியுமா?


பனங்கூடல் (கிளிநொச்சி), செவ்வாய் இரவு

எனக்குச் சிற்பக்கலை பற்றிப் படிப்பு இல்லை. வாசிக்கிறவன் மட்டும்தான். மழைக்கால் எழுதியதில் ஒரு வரி என்னை எழுத வைத்தது. தலை முழங்காலுக்குள், முதுகு மட்டும் வெளியே.

நீங்கள் எல்லாரும் அதைத் துக்கம் என்றோ பிரார்த்தனை என்றோ எடுத்திருப்பீர்கள். எனக்கு அது பங்கருக்குள், பதுங்குகுழிக்குள் இருக்கிற இருப்பு.

2009-இல் மாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை எத்தனை பங்கர் வெட்டினோம் என்று கணக்கு இல்லை. கடற்கரை மணல், வெட்ட வெட்டச் சரியும். சரியாமல் இருக்க மண்மூட்டை வேண்டும், மூட்டைக்குச் சாக்கு இல்லை. பெண்கள் தங்கள் சேலைகளை வெட்டித் தைத்தார்கள். கூறைச்சேலையும் அதில் போனது. சரிகைக் கரையோடு மண் நிரப்பிய மூட்டைக்குக் கீழே நாங்கள் இருந்தோம். ஷெல் கூவுகிற சத்தம் கேட்டவுடன் முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, காதைப் பொத்தி, தலையை உள்ளே விட்டுவிட வேண்டும். யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மூன்று வயதுப் பிள்ளையும் அப்படித்தான் இருக்கும்.

அந்த நேரம் யாருடைய முகத்தையும் யாரும் பார்ப்பதில்லை. எனக்கு முன்னால் இருந்தவரின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீலக் கோடு போட்ட சேட், நடுவில் வியர்வை. மூச்சு விடும்போது அது ஏறி இறங்கும். ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். இன்றைக்கும் அந்த மனிதரின் முகம் எனக்கு நினைவில் இல்லை. முதுகை எங்கே கண்டாலும் தெரியும்.

நீலி பிள்ளை, உங்களிடம் கேட்ட கேள்வியை நான் கேட்க மாட்டேன். நாங்கள் அங்கே இருந்தபோது எங்களை யாராவது பார்க்கிறார்களா என்றுதான் தெரியாமல் இருந்தது. நீங்கள் பார்த்துவிட்டுத் தூங்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்துச் செய்யுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். நிற்கிறவர்களாக மட்டும் செய்யாதீர்கள். அங்கே நிற்கிற நேரம் குறைவு.


மழைக்கால் (கென்ட்), செவ்வாய் நள்ளிரவு

பனங்கூடல் அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. அந்த உருவத்தை நான் தப்பாகத்தான் படித்திருக்கிறேன். அழுகிறது என்று நினைத்தேன். பதுங்குகிறது.

நீங்கள் மணலைச் சொன்னதால் ஈப்பரின் மண்ணையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஊருக்குக் கீழே கனமான நீலக் களிமண் படிவு. மண்ணியலில் ‘ஈப்ரீசியன்’ என்று ஒரு காலகட்டத்துக்கே அந்த ஊர்ப் பெயர்தான். தண்ணீர் உள்ளே இறங்காது. பழைய வடிகால் வாய்க்கால்களையெல்லாம் பீரங்கிக் குண்டுகள் உடைத்த பிறகு, 1917-இல் பெய்த மழை போக இடமில்லாமல் நின்றுவிட்டது. ஈப்பருக்குப் பக்கத்துப் போர்க்களமான பாஷண்டேலின் சேற்றில் மனிதரும் குதிரைகளும் மூழ்கியதற்கு அந்தக் களிமண்தான் காரணம். அதே களிமண்ணுக்குள் சத்தமில்லாமல் சுரங்கம் தோண்டி, 1917 ஜூன் 7 விடியற்காலையில் மெசீன் மேட்டில் பிரிட்டிஷ் படையினர் 19 வெடிக்கிடங்குகளை வெடிக்க வைத்தார்கள். பாலிங்பேக்கிலேயே பழைய கால்வாய் ஒன்று உண்டு. 1860-களில் தோண்டத் தொடங்கி, இந்தக் களிமண் சரிந்து சரிந்து, போர் வருவதற்கு முன்பே கைவிட்டார்கள்.

இன்று நடந்தால் கால்வாய்ப் பள்ளம் எது, வெடிகுழி எது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டிலும் புல். அதன்மேல்தான் ஆறு லட்சம் மண் உருவங்களை வைத்திருந்தார்கள். இந்த வேலை வெண்கலத்தில் இருந்திருந்தால் எனக்கு எதுவும் ஆகியிருக்காது. மண்ணுக்குள் போனவர்களை மண்ணிலேயே திரும்ப எடுத்தது போல இருந்தது.

செங்காகம், உங்கள் கோபம் புரிகிறது. ஆணையிட்டவனின் முகத்தை யாராவது செய்யத்தான் வேண்டும். ஆனால் பாலிங்பேக்கில் அவனுக்கு இடம் கொடுத்திருந்தால், நாம் எல்லோரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். ஜெனரல் நியூக் பற்றி நீங்களும் தலையைத்தானே முதலில் சொன்னீர்கள்?


கடலோரம் (லாகோஸ்), புதன் காலை

பனங்கூடல் அண்ணன் சொன்னதற்கு முன்னால் என் வாதம் சின்னதாகத் தெரிகிறது. ஆனாலும் ஒன்றை விட மனமில்லை. செத்தவர்களுக்கு முதுகு போதும் என்று வைத்துக்கொள்வோம். சிபோக் பெண்கள் செத்தார்களா என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் காணாமல் போனவர்கள். அவர்களைச் சுருண்ட, முகமில்லாத உருவமாகச் செய்தால் அவர்களை நாமே முடித்துவிட்டது போல ஆகாதா? பெற்றவர்கள் பத்து வருடமாகப் பிடித்துக்கொண்டிருப்பது முகத்தைத்தான்.


பனங்கூடல் (கிளிநொச்சி), புதன் மதியம்

கடலோரம் தம்பி, நீங்கள் சொல்வது சரி. இங்கே கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் போராட்டத்தைத் தொடங்கினார்கள். ஆளுக்கு ஒரு படத்தை நெஞ்சோடு பிடித்தபடி. பள்ளி அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியது, கல்யாண வீட்டுப் படத்தில் ஒருவரை மட்டும் வெட்டி எடுத்தது. அந்த அம்மாமார் பலர் இப்போது உயிரோடு இல்லை. அவர்களில் ஒருவரிடம் போய் முகம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

நான் எழுதியது அந்தக் குழிக்குள் இருந்தபோது கண்டதை. வெளியே வந்து தேடுகிறவர்களுக்கு முகம் வேண்டும்.


செங்காகம் (ஓக்லண்ட்), புதன் இரவு

மழைக்கால், நீங்கள் கேட்டது சரிதான். தலையைத்தான் முதலில் சொன்னேன். யோசிக்கிறேன்.

நீலிக்கு ஒரு செய்தி. போரைப் பார்த்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவு வருகிறவர் எரென் டூல். 1991 வளைகுடாப் போரில் அமெரிக்க மரைன் படையில் இருந்தவர். திரும்பி வந்து செராமிக் கற்றார். பெர்க்லியில் இருக்கிறார். அவர் செய்வது கோப்பைகள், காபி குடிக்கிற கோப்பைகள். அதன் வெளிப்பக்கத்தில் பதக்கங்களை அச்சாக அழுத்தி, வாயுக்கவச முகங்களையும் போர்ப் படங்களையும் பதித்துச் சுடுகிறார். விற்பதில்லை, சும்மா கொடுத்துவிடுவார். இதுவரை 20,000-க்கு மேல் கொடுத்திருக்கிறார். முன்னாள் வீரர்களுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் போகிறது, அரசியல்வாதிகளுக்கும் நிறுவனத் தலைவர்களுக்கும் அனுப்புகிறார்.

போரை நேரில் கண்டவர் பெரிய சிலை எதுவும் செய்யவில்லை. கையில் பிடித்து உதட்டில் வைக்கிற ஒன்றைச் செய்கிறார். போரைக் காணாத ஆர்னெசன் ஆளை விடப் பெரிய உருவம் செய்தார். இரண்டும் எனக்கு வேண்டும். ஆகவே ‘எங்கே பார்த்தாய்’ என்பது தவறான கேள்வி என்று நான் சொல்லவில்லை. அதற்கு நீங்கள் சொல்கிற பதில் மண்ணின் அளவிலும் வடிவத்திலும் தெரிய வேண்டும். திரையில் பார்த்தவர் திரையில் பார்த்ததாகவே செய்யலாம். ஆறு அங்குலம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அப்புறம், முகத்துக்கும் முதுகுக்கும் நடுவே இன்னொரு வழியும் இருக்கிறது. பிரிட்டிஷ் சிற்பி ஆண்டனி கோர்ம்லியின் ‘ஃபீல்ட்’ வரிசை. அது போர் பற்றியது இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். 2003-இல் சீனாவில் ஒரு கிராமத்து மக்கள் 350 பேர் ஐந்து நாளில் லட்சக்கணக்கான உருவங்கள் செய்தார்கள். கைக்கு அடங்க வேண்டும், கண்ணுக்கு இரண்டு துளை ஆழமாகக் குத்த வேண்டும், வேறு விதி அதிகமில்லை. மூக்கு, வாய் எதுவும் கிடையாது. அறை முழுக்க அவை நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்.


சுவடி (மதுரை), வியாழன்

நீலி, செங்காகம் சொன்ன அளவைப் பற்றி யோசித்துப் பாருங்கள். ஒன்றரை அடியில் செய்தால் அது சிலை. உள்ளங்கை அளவில் செய்தால் நாம் குனிந்தாக வேண்டும்.


நீலி (தஞ்சைப் பக்கம்), மூன்று வாரம் கழித்து

எல்லோருக்கும் நன்றி. உடனே எழுதாததற்கு மன்னியுங்கள். கையில் எப்போதும் மண் இருந்தது.

நிற்கிற உருவங்களை விட்டுவிட்டேன். மிச்சமிருந்த நான்கில் குழந்தையைத் தூக்கிய தாயை மட்டும் வைத்துக்கொண்டேன். மற்ற மூன்றையும் பொடித்துச் சலித்து, சக்கரத்தான் அண்ணன் சொன்னது போலப் புது மண்ணோடு கலந்துவிட்டேன். வெடித்தவையும் அதிலேயே சேர்ந்தன. கிழவரின் தலையை மட்டும் பொடிக்க மனம் வரவில்லை.

புதிதாகப் பதினொன்று செய்தேன். எல்லாம் உட்கார்ந்தவை, கைப்பேசி உயரம், ஆறு அங்குலம். முழங்கால் நெஞ்சோடு, கை காதில். உள்ளே கூடு, அடியில் சுண்டுவிரல் போகும் துளை. முதுகைச் செய்ய ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் ஆனது. என் தம்பியை அப்படி உட்காரச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே செய்தேன். பனங்கூடல் ஐயா எழுதிய சட்டை மடிப்பை ஒன்றில் மட்டும் வைத்திருக்கிறேன். உங்களைக் கேட்காமல் செய்துவிட்டேன். வேண்டாம் என்றால் காட்சியில் வைக்க மாட்டேன்.

பன்னிரண்டு நாள் நிழலில், ஈரத்துணிக்குள் காய்ந்தது. இரவு முழுக்கச் சிறு தீ வைத்தோம். நான் சூளைக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்திருந்தேன். நேற்று மாலை திறந்தோம். பத்து முழுசாக வந்திருக்கின்றன. ஒன்றில் தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு கீறல், ஆனால் பிளக்கவில்லை.


சக்கரத்தான் (புதுக்கோட்டை), அன்று இரவே

கீறல் விழுந்ததை ஒட்டாதே தங்கச்சி. அப்படியே வை. அடியில் துளை வழியாக விளக்கு பிடித்துப் பார், கீறல் வழியே வெளிச்சம் வருகிறதா என்று சொல். வந்தால் எடுக்கும்போது அடியோடு பிடித்து எடு, தோளைப் பிடித்துத் தூக்காதே.


பனங்கூடல் (கிளிநொச்சி), மறுநாள் விடிய

சட்டையை வையுங்கள் பிள்ளை. கோடு நீலம்.